மீதி இரண்டு

வருடக் கணக்கு முடிகிற அன்று
லிங்கப்பன் சார் எங்களைக் கூட்டிப்போவார்.
சிம்மக்கல்லிலிருந்து இரண்டு ஆட்டோ.
பைபாஸ் ரோட்டில் மாடி ஏறினால்
கண்ணாடிக் கதவுக்கு வெளியே பங்குனி,
உள்ளே மார்கழி.

ஆளுக்கொரு பிரியாணி என்பது
ஆபீசிலேயே முடிவானது.
அதற்கு முன்னால்தான் அவர்
மெனு கார்டைத் தள்ளிப் பிடித்து
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
"டேபிளுக்கு ஒரு கறிவேப்பிலை இறால்" என்பார்.
டேபிளுக்கு.

தட்டுக்கு எட்டு வரும்.
நாங்கள் ஆறு பேர்.

ஊர்க்கடைகளின் வரவு செலவைப்
பைசா பிசகாமல் நேர்செய்கிறவர்கள்
அந்த மீதி இரண்டின் முன்னால்
தண்ணீர் குடிப்போம்.
சௌந்தரபாண்டி செல்போனை எடுப்பார்.
ஜெசிந்தா அக்கா, யாரும் கேட்காமலே,
"எனக்குப் போதும்ப்பா."
நான் ஓரத்தில் கிடக்கும் கறிவேப்பிலையைப்
பொறுக்கித் தின்பேன்.
அதற்குக் கணக்கில்லை.
"எடுத்துரவா சார்?" என்று
தட்டைத் தூக்கிப்போவான் பையன்.

ஒன்பது வருடம். ஒன்பது இறால்.
நான் தின்றது அம்புட்டுத்தான்.
அந்த ஒன்பது கடியை வைத்துக்கொண்டு
வீட்டில் செய்துவிடலாம் என்று
இறங்கினேன்.

கரிமேட்டில் ஒரு கிலோ.
"தொண்டிச் சரக்கும்மா, நேத்து ராத்திரி
கடல்ல கெடந்தது" என்றாள் கடைக்காரி.
ஐஸ் வேறு கதை சொன்னது.
தலையும் ஓடும் குடலும் போக
அறுநூறு கிராம்.
தேய்மானம் நாற்பது சதம்.

முதல் ஞாயிறு சோளமாவு கூடிப்போய்
அண்ணன் சட்டை போட்ட பிள்ளை மாதிரி
உள்ளே எங்கோ இருந்தது இறால்.
அடுத்தது வினிகர்.
அதற்கடுத்து தயிர், தண்ணீர் விட்டுக்கொண்டு
எண்ணெயோடு சண்டை போட்டது.
ஈரக் கறிவேப்பிலை வெடித்ததில்
மணிக்கட்டில் மூன்று புள்ளி.
நாலாவது வாரம் என்ன தப்பு என்றே
தெரியாமல் தப்பு.

வேல்மயில் ஒவ்வொரு முறையும்
தட்டை வழித்துவிட்டு,
"நல்லாத்தானே இருக்கு" என்றார்.
அந்த 'தானே'வைத்தான்
என்னால் தாங்க முடியவில்லை.

"ஒரு பார்சல் வாங்கி
பக்கத்துல வச்சுப் பாக்க வேண்டியதுதான?"
யோசிக்காமல் இல்லை.
ஆனால் முழுத் தட்டையும் மடியில் வைத்து
நானே தின்றுவிட்டால்
அது வேறு பதார்த்தம் ஆகிவிடும்.
எப்படிச் சொல்வது இதை?
சொல்லவில்லை.

ஐந்தாம் ஞாயிறு
இலையைத் தனியே பொரித்து நொறுக்கி,
மிளகை ஒன்றிரண்டாகத் தட்டி,
ஏன் என்று தெரியாமல்
ஒரு சிட்டிகை சீனி.
முதல் ஈடு எடுத்ததும்
மணம் ஜெய்ஹிந்துபுரம் மாடிப்படியில்
இறங்கிப் போனதைப் பார்த்தேன்.
கீழ்வீட்டு ஜன்னல் திறந்தது.

அடுத்த ஈடு போடக் கை நீட்டினேன்.
சிலிண்டர் மூச்சை விட்டது.

எண்ணிப் பார்த்தேன். எட்டு.
வீட்டில் மூன்று பேர்.

ஆறால் வகுத்தாலும் மூன்றால் வகுத்தாலும்
எட்டுக்கு மீதி இரண்டுதான்.
இத்தனை வருடம் எண்களோடு கிடக்கிறேன்,
இதைக் கவனித்ததில்லை.

ஆளுக்கு இரண்டு முடிந்தது.
நடுத்தட்டில் அதே இரண்டு,
வால் மேலே தூக்கி.
என் கை தன் பாட்டுக்குத்
தண்ணீர்த் தம்ளரை எடுத்துவிட்டது.
வேல்மயில் மின்விசிறியைப் பார்த்தார்.

தர்ஷிகா
டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல்
கையை நீட்டி
இரண்டையும் சேர்த்து அள்ளி
வாயில் போட்டாள்.
விரலைப் பாவாடையில் துடைத்தாள்.
யாரையும் பார்க்கவில்லை.

தம்ளரைக் கீழே வைத்தேன்.

அந்த ருசி வந்ததா என்றால்
சொல்லத் தெரியவில்லை.
என் பங்கு இரண்டையும்
எப்போது தின்றேன் என்றே நினைவில்லை.

மசால் தடவிய மிச்சம்
ஃப்ரிட்ஜில் இருக்கிறது.
சிலிண்டர்
செவ்வாய்க்கிழமை வருமாம்.