பன்மை

போர் லூயி நீதிமன்றத்தில்
என்னிடம் கொடுத்தது ஒரு ஹெட்ஃபோன்,
நாற்பத்தொரு நிமிடப் பேச்சு,
கிரியோலிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்ற ஒன்பது நாள்.

காத்ர் போர்ன் முச்சந்தியில்
லாரிமேல் ஏறி நின்று பேசியிருக்கிறார் வேட்பாளர்.
இடையில் மழை.
மைக்குக்குக் குடை பிடி என்று யாரோ கத்துகிறார்கள்.
அதையும் எழுதினேன்.
எல்லாவற்றையும் எழுதத்தான் சம்பளம்.

பதினேழு முறை வருகிறது அந்தச் சொல்:
பான்லா.
உங்கள் தெருவில் வீடு வாங்குவது பான்லா.
உங்கள் பையனின் வேலையில் உட்கார்ந்திருப்பது பான்லா.

எதிர்த்தரப்பு வக்கீல் இலக்கண நூலோடு வந்தார்.
பான் என்றால் பன்மை, கனம் நீதிபதி அவர்களே,
லா வெறும் சுட்டு.
பன்மையில் பேசியதற்கா தேர்தலை ரத்து செய்வது?

'அந்த மக்கள்' என்றுதான் ஆங்கிலத்தில் போட முடிந்தது.
துவைத்துக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட சொல்.
நீதிபதிக்குத் தமிழ் தெரிந்திருந்தால்
ஒரே சொல்லில் முடித்திருப்பேன்:
அவனுங்க.

என்னைத் தூங்கவிடாதது அதுவல்ல.
பதினான்காம் பக்கம், ஆறாம் வரி,
அடைப்புக்குறிக்குள் நானே தட்டிய 'சிரிப்பு'.
நூறு பேருடைய சிரிப்பு.
மற்றவர்கள் ஓய்ந்தபிறகும் ஒன்று மட்டும் நீள்கிறது,
இருமலில் முட்டி நிற்கிறது,
மறுபடி கொஞ்சம் சிரிக்கிறது.
பதினோரு வருஷமாக
என் பக்கத்துத் தலையணையில் கேட்கும் இருமல்.

திரும்ப ஓடவிட்டேன். மூன்று தரம்.
தண்ணீர்த் தொட்டி வாங்க க்யூர்பிப் போவதாகச் சொல்லிப் போன மார்தே
அன்று தொட்டி இல்லாமல் நனைந்து வந்தான்.
துண்டு எடுத்துக் கொடுத்தவள் நான்.

சிரித்தவர் பெயர் எழுதப் படிவத்தில் இடமில்லை.
மனுவிலும் யாரும் கேட்கவில்லை.
நான் சத்தியம் செய்தது மொழிபெயர்ப்புக்கு மட்டும்.

இப்போது என்ன கேஸ் என்றான் சாப்பிடும்போது.
தேர்தல் மனு என்றேன்.
எந்த ஊர் என்று கேட்கவில்லை.
ரசம் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னான்,
ஊற்றினேன்.

தீர்ப்பு மார்ச்சுக்குத் தள்ளிப்போன அன்று சாயங்காலம்
விக்டோரியா நிலையத்தில் வரிசையில் நின்றேன்.
மூன்று பேர் முன்னால் புகுந்து ஏறினார்கள்.
முதலில் என் கண் போனது
அவர்கள் தலையிலிருந்த தொப்பிக்கு.
டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்,
பல்லிடுக்கில் வந்து நின்றது அது,
தெளிவாக, என் குரலில்.

பதினெட்டு.