பதினாறில் யாருமில்லை

குவாரிகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும்
வாக்கி டாக்கி விற்கிற ஜபருல்லா,
தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்,
நான் கேட்டதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.
படகுக்கு ரேடியோ, என்றேன். கடலில் வைப்பது.
கடல் அஞ்சு மணி நேரம் தள்ளி இருக்குதேம்மா.

படகு நாகமரையில் இருக்கிறது.
பதினோரு அடி ஃபைபர், வலப்பக்கம் ஒட்டுப் போட்டது.
ஞாயிறு மட்டும் நான் தூண்டில்காரி.
மற்ற ஆறு நாளும் பென்னாகரம் ஆஸ்பத்திரியில்
அடுத்தவர் எலும்பைப் படம் பிடிக்கிறேன்.

போன ஐப்பசியில் நடுத்தண்ணீரில் எஞ்சின் நின்றது.
செல்போனில் ஒரு கோடுகூட இல்லை.
காற்று என்னைக் கேட்காமல் கிளம்பியது.
கோடையில் முதுகு காட்டுகிற கல் நந்தி
அன்றைக்கு எத்தனை அடிக்குக் கீழே என்று தெரியாமல்
ஒற்றைத் துடுப்போடு மூன்று மணி நேரம்
போராடி
சேலம் மாவட்டத்தில் கரையேறினேன்.

அவர் இரண்டை எடுத்து வைத்தார்.
பெரியது இருபத்தைந்து வாட், படகோடு திருகி மாட்டுவது.
மூடி போட்ட சிவப்புப் பொத்தான் ஒன்று;
ஆபத்தில் அழுத்தினால்
நாம் இருக்குமிடத்தை எண்ணாகச் சொல்லிவிடுமாம்.
யாரிடம்?
தாளைப் புரட்டினார். துறைமுகம்,
கடலோரக் காவல், பக்கத்தில் போகிற கப்பல்.
நாகமரைக்கு வருகிற ஒரே கப்பல்
பைக்கும் ஆடும் ஏற்றுகிற பரிசல்துறை மோட்டார் படகு.
அதற்கு ஹாரனே கிடையாது.

சின்னது ஐந்து வாட், கையில் பிடிப்பது.
வாளியில் போட்டுக் காட்டினார்.
மல்லாந்து மிதந்தது, தானே விளக்கேற்றிக்கொண்டு.
விழுகிற மனுஷருக்கும் இப்படி அமைந்திருக்கலாம்.

எவ்வளவு தூரம் பேசும்?
வாட்டில் இல்லைம்மா, உயரத்தில இருக்குது.
குந்திக்கிட்டுப் பேசினா மூணு நாலு கிலோமீட்டர்.
மலை குறுக்க வந்தா அதுவும் இல்ல.
பிறகு, விலை சொல்லும் அதே குரலில்:
அந்தப் பக்கம் ஒருத்தர் திறந்து வச்சிருக்கணும்.

அனுமதிக்கு எழுதிப்போட்டு, அது வந்து சேர்ந்த இரவு
சமையலறையில் பதினாறாம் சேனலைத் திருப்பினேன்.
எந்தக் கடலிலும் அதற்குத்தான்
காது திறந்திருக்குமாம்.
பென்னாகரத்தில் அது வெறும் இரைச்சல்,
எண்ணெய் காய்கிற மாதிரி.

சின்னதிலேயே இரண்டு வாங்கியிருந்தேன்.
ரேடியோவைத் தேர்ந்தெடுக்க ஒரு மத்தியானம்.
ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம்.
கணவர் ஞாயிற்றுக்கிழமை போனையே எடுக்கமாட்டார்.
படகோட்டி முருகேசன் என்னோடு அதே தண்ணீரில் கிடப்பவர்.
மிச்சம் பச்சியம்மாள்.
மேட்டில் கடை, தண்ணீரைப் பார்த்த அடுப்பு,
விடிந்ததிலிருந்து இருட்டும் வரை மீன் வறுக்கிறாள்.
கடன் சொன்னால் மட்டும் காது கேட்காது.

அழுத்து, பேசு, விடு, என்று காட்டினேன்.
விட்டால்தான் எதிர்க்குரல் வரும்.
எக்ஸ்ரே அறையில் நாள் முழுக்க நான் சொல்வதுதான்,
இழுங்க, பிடிங்க, விடுங்க.
விடச் சொல்லும்போதுதான் எல்லோரும் தயங்குவார்கள்.
அவள் மாவுக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு
அதை மசாலா டப்பாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

இன்று இரண்டு கிலோமீட்டர் உள்ளே வந்து
எஞ்சினை நானே நிறுத்தினேன்.
பச்சியம்மா, கேக்குதா?
விட்டேன்.
இரைச்சல். இரைச்சல். பிறகு,
கேக்குது. கட்லாவா ஜிலேபியா? எண்ணெ வச்சிட்டேன்.

பொத்தானை விட மறந்துவிட்டாள்.
எண்ணெய் பொரிவது கேட்கிறது, உண்மையான எண்ணெய்.
ஒருவர் தலைத் துண்டுக்குப் பேரம் பேசுகிறார்.
ஒரு பைக் மேடேறுகிறது. அவள் சில்லறை எண்ணுகிறாள்.
இப்போது நான் முழுகினாலும் சொல்ல வழியில்லை.
தூண்டில் மிதவை ஒருதரம் ஆடுகிறது.
ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறேன்.