நாலு கப்பல்

கொட்பே ஐஸ் கொம்பனியில் எனக்கு இரவு வேலை.
கம்ப்ரசர் சத்தத்துக்குள் யாரும் வந்து கதைக்க மாட்டார்கள்.
கணக்குக் கொப்பி, டோர்ச், ஒரு பழைய லாப்டொப்,
அதற்குள் ஒரு பேரரசு.

பேரரசு என்றால் சிரிப்பீர்கள்.
கருங்கடலின் தென்கரையில் ஒற்றை நகரம், முதுகில் மலை:
ட்ரெபிசோந்து.
மூவாயிரம் படை, நாலு கப்பல்,
மாதாமாதம் தேய்கிற கஜானா.
ஆனாலும் அரசனின் பட்டத்தை எழுதத்
திரையில் இரண்டு வரி வேண்டும்.

ஆட்டம் ஆயிரத்து நானூற்று நாற்பத்துநாலில் தொடங்கும்.
அறுபத்தொன்றில் முடிய வேண்டும் என்பது வரலாறு.
ஒரே ஒருமுறை
வரலாற்றைப் பதினேழு வருஷம் ஏமாற்றியிருக்கிறேன்.
சம்பள உயர்வு கேட்கப் போனபோது
அதைச் சொல்ல முடியவில்லை.

மற்றப் பக்கம் பாஹிம்.
கிண்ணியாவில் பகல் முழுக்க
உடைந்த போன்களுக்கு முகம் மாற்றுகிறவன்,
இரவானால் சுல்தான்.
"மச்சான், இண்டைக்கு உன்னைப் பிடிக்க மாட்டன், சத்தியமா"
என்று செய்தி அனுப்புவான்.
நான் மதிலுக்குக் காசு போடுவேன்.
அவனுடைய சத்தியத்தில் சந்தேகம் இல்லை;
அவனுடைய வரைபடத்தில் என் நகரம்
பச்சைச் சட்டையில் விழுந்த சோற்றுப் பருக்கை.
எவ்வளவு நேரம்தான் தட்டாமல் இருப்பான்?

ஸ்பேஸ் பாரை அமுக்கினால் காலம் நிற்கும்.
தூதன் ஒரு காலைத் தூக்கியபடி.
பீரங்கிக் குண்டு மதிலுக்கு இரண்டு முழம் இப்பால்.
அப்போது மட்டும்தான் நான் அரசன்.
எழும்பிப் போய்த் தண்ணீர்த் தொட்டி பார்த்து,
உப்புக் கரைசலின் பாகை குறித்து,
வந்து அமுக்குவேன்.
குண்டு அந்த இரண்டு முழத்தையும் கடந்துவிடும்.

இன்றைக்கு முற்றுகை.
பார்க்க மனமில்லாமல் வரைபடத்தைக் கிழக்கே இழுத்தேன்.
பாரசீகம் போயிற்று. மலையாளக் கரை போயிற்று.
எங்கள் தீவு,
அதன் வலது தோளில் திருகோணமலை,
பேர் பிழையாக.
கோட்டை: இல்லை. இன்னும் யாரும் கட்டவில்லை,
அதற்குள் மேய மான்களும் வரவில்லை.
பாறையில் கோயில் இருந்திருக்கும்,
ஆட்டத்தில் அதற்குப் படம் கிடையாது.
விளைபொருள்: மீன்.
ஓரத்தில் சின்னதாய் ஒரு நங்கூரம்.
நல்ல துறைமுகமாம்.
எங்கேயோ லிஸ்பனில் ஒருவன்
இன்னும் மவுஸைத் தொடவில்லை.

அந்த நங்கூரத்தையே பார்த்துக்கொண்டிருக்க
அங்கே என் வடக்கு மதில் விழுந்தது.

தோற்றால் சங்கு ஊதாது.
ஒரு சின்னப் பெட்டி வரும்:
தொடர்ந்து பார்வையிட விருப்பமா?
ஆம் என்று அமுக்கினேன், எப்போதும் போல.
நகரத்துக்கு வேறு நிறம் பூசினார்கள், வேறு பேர் வைத்தார்கள்.
விளைபொருளைத் தொடவில்லை.
அங்கேயும் மீன்தான்.

இது முப்பத்திரண்டாவது.

கப்பல்களைச் சொல்லவில்லையே.
நாலுக்கும் நான்தான் பேர் வைத்தேன்,
இங்கே ஐஸ் ஏற்ற வருகிற போட்டுகளின் பேர்:
புனித லூர்து, அல் மர்வா, கோணநாயகி, ரஞ்சனி இரண்டு.
(ரஞ்சனி ஒன்று என்னவானது என்று நான் கேட்டதில்லை.)
ஒருநாள் வாய் தவறி எமிலியான் அண்ணையிடம் சொல்லிவிட்டேன்.
உங்கட போட் என்ர கடற்படையில் இருக்கு என்று.
அவர் சிரிக்கவில்லை.
எத்தனை பீரங்கி என்று கேட்டார்.

நாலரைக்கு ஐஸ் பார்களைச் சறுக்கில் இறக்கும்போது
பீடியை வாயின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டு:
"ரஞ்சனி நிக்குதோ, தம்பி?"

சினோப்புக்கு அப்பால், இரண்டு பத்துக்கு,
பாஹிமின் நாற்பது கப்பலுக்கு நடுவில்
அது தாண்டு போனது.
கடைசியாகத் தாண்டது அதுதான்.

"நிக்குது அண்ணை.
காத்துத்தான் கொஞ்சம் சரியில்லை."

"அப்ப கரையோரமாப் பிடிக்கச் சொல்லு,"
என்றார்.
பன்னிரண்டு பாருக்குக் கையெழுத்து வைத்தார்,
ஈரக் கையோடு,
பேரின் பாதி கரைந்தது.