தினசரி வாடகை

மாடிப்படிக்கு அடியில்
துடைப்பத்துக்கும் ஃபினாயில் கேனுக்கும் நடுவே
எங்கள் சர்வர் ஒன்பது வருஷம் குடியிருந்தது.
இந்த லாட்ஜில் வாடகை தராத ஒரே ஆள்.
அதற்கென்று தனி மின்விசிறி.
பதினாலாம் நம்பர் டயாலிசிஸ்காரருக்குக்கூட
அந்த வேகத்தில் காற்று வந்ததில்லை.

கத்திரி வெயிலில் ஒரு மத்தியானம்
கரண்ட் போனது, வந்தது, போனது,
பிறகு இரண்டு மடங்காக வந்தது.
பாசித் ஓடிப்போய்க் கதவைத் திறந்தபோது
பொசுங்கிய வாசனை மட்டும் வெளியே வந்தது.

மறுவாரம் முர்ஷிதாபாத்திலிருந்து போன்.
"தீதி, சம்சாரம் ஆபரேஷனுக்குத் தங்கினோமே,
முப்பத்தொரு நாள் பில்,
ஆபீஸில் கேட்கிறார்கள்."
எரிந்துபோனதை விளக்க என் வங்காளம் போதவில்லை.
"நேய்" என்றேன்.
அவர் மூச்சுவிடுவது கொஞ்ச நேரம் கேட்டது.

காட்பாடியிலிருந்து ஜெபசிங் வந்தான்,
ஹெல்மெட்டும் லேப்டாப்புமாக.
"எல்லாத்தையும் கிளவுடுக்கு மாத்திடலாம் மேடம்."
ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.
கோட்டைக்கு மேலே வெறும் வெளுப்பு.
வேலூரில் உட்கார்ந்துகொண்டு
மேகத்தை நம்பச் சொல்கிறான்.

படம் வரைந்தான். பஞ்சுபோல ஒன்று,
அதிலிருந்து அம்புகள்.
எனக்குத் தொழில்நுட்பம் தெரியாது,
தொழில் தெரியும். கேட்டேன்:

இடம் யாருடையது?
அவங்களுது.
நமக்கு?
தங்கிக்கலாம்.
தங்கின நாளுக்குத்தான் காசா?
மணிக்கணக்குக்கே இருக்கு மேடம்.
துர்கா பூஜை முடிந்ததும் ரயில் ரயிலாக வந்து இறங்குவார்களே?
கூடுதல் ரூம் தானா திறக்கும். கூட்டம் போனா மூடிக்கும்.
பக்கத்து ரூம்காரன் எட்டிப் பார்ப்பானா?
சுவர் இருக்கு.
மாற்றுச் சாவி யாரிடம்?

ஜெபசிங் தண்ணீர் குடித்தான்.

அடப்பாவி, இது லாட்ஜ்!
இருபத்தாறு வருஷமாக நான் விற்பதை
எனக்கே விற்க வந்திருக்கிறான்.
இரண்டு மாச வைத்தியத்துக்கு
சிலிகுரிக்காரர் இங்கே வீடா கட்டுகிறார்?

லாட்ஜ்காரிக்கு லாட்ஜின் கள்ளத்தனமும் தெரியும்.
காலி செய்யும்போது பெட்டியைத் தூக்கிப்போக விடுவார்களா,
வாசலில் பிடித்து வைப்பார்களா?
வாடகை ஒரு வாரம் பிந்தினால் சாமான் தெருவிலா?
அந்தக் கட்டடம் எந்த ஊர்,
அங்கே தீப்பிடித்தால் வேறு கிளை உண்டா?
எழுதித் தா என்றேன்.
வாயால் சொல்வதென்றால் நானும்தான் சொல்கிறேன்,
இருபத்துநாலு மணி நேரமும் வெந்நீர் என்று.

முதலில் புக்கிங்கை மட்டும் அனுப்பினோம்,
மூன்று மாதம் கழித்துக் கணக்கு வழக்கை.
டீக்கடன் நோட்டு பாசித்தின் மேஜையை விட்டு
இன்னும் நகரவில்லை, நகராது.

முதல் மாத பில்லைப் பார்த்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.
சோதனைக்கென்று திறந்த எதையோ
ஜெபசிங் மூடாமல் போயிருக்கிறான்.
காலி அறையில் முப்பது நாள் கீசர்.
"நீங்க பாத்து அணைச்சிருக்கணும் மேடம்."
இதே வசனத்தை
எத்தனை பேரிடம் எத்தனை மொழியில் சொல்லியிருப்பேன்.

இப்போதெல்லாம் ராத்திரி பத்துக்கு
பாசித் மாடி விளக்குகளை அணைத்துவிட்டு வந்து
திரைக்குள்ளேயும் ஒரு சுற்றுப் போகிறான்.
அவன் சாவியால் திறக்காதது என் சாவியால் திறக்கும்,
அதுவும் போனில் ஒரு எண் வந்த பிறகே.
சாக்கடைக்குத் தோண்டியவர்கள் கேபிளை அறுத்த அன்று
மூன்று மணி நேரம் கார்பன் தாள் வைத்து எழுதினோம்.
யாரும் சாகவில்லை.

மாடிப்படிக்கு அடியில்
இரண்டு சக்கர நாற்காலி நிறுத்துகிறோம்.

ஐப்பசியில் முர்ஷிதாபாத்காரர் மறுபடி வந்தார்,
மறுபரிசோதனைக்கு.
பழைய பில் கடைசிவரை கிடைக்கவில்லை.
அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும்.
புதுப் பதிவைத் திரையைத் திருப்பிக் காட்டினேன்.
தன் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

எத்தனை நாள் என்று கேட்டேன்.
டாக்டர் சொன்னால்தான் தெரியும் என்றார்.

அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.
விடலாம், ஏற்றுக்கொள்கிறது.