மாறிடுச்சு

ஓடும்போது ஒன்றுமில்லை.
நின்றால்தான் ஏறும்.

செகாம்புட் ரவுண்டபோட்டில் முன்னால் சிமெண்டு லாரி,
இரண்டு பக்கமும் மோட்டார்சைக்கிள்கள்,
நடுவில் என் இஸ்வாரா, தொண்ணூற்றாறாம் வருஷத்து வண்டி.
முள் பாதியைத் தாண்டும்.
நான் சாலையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு
முள்ளைப் பார்க்க ஆரம்பிப்பேன்.
முக்கால் வந்ததும் ஏர்கானை அணைத்து
கண்ணாடிகளை இறக்கி
ஹீட்டரை முழுசாகத் திருப்புவேன்.
எஞ்சினின் சூட்டைக் கொஞ்சம் என் முழங்கால் வாங்கிக்கொள்ளும்.
கோலாலம்பூரில் ஹீட்டர் போட்டு ஓட்டுகிற ஒரே ஆள்.
பக்கத்து மைவியிலிருந்த பெண் என்னைப் பார்த்தாள்,
தன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

ரோஸ்லான் தெர்மோஸ்டாட்டை மாற்றினான்.
செந்தூலில் ஆ செங் வாட்டர் பம்ப்பை மாற்றி
ரேடியேட்டரைக் கழுவி
வந்த காவித் தண்ணீரை மைலோ டின்னில் பிடித்து
என் மூக்குக்கு நேரே நீட்டினார்.
சவரிமுத்து எண்ணெய் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு
"ஹெட் கேஸ்கட் அண்ணே. தலையத் தூக்கணும்.
ஆயிரத்து இருநூறு வச்சுக்குங்க" என்றான்.

மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி எதுவும் படியவில்லை.
தண்ணீர் குறையவில்லை.
புகையும் வெள்ளையாக இல்லை.
ஒரு சாட்சியும் ஒத்துவரவில்லை, தீர்ப்பு மட்டும் தயார்.

ஃபேனா? அது சுற்றுகிறதே.
மூன்று பேரும் பார்த்தார்கள், மூன்று பேருக்கும்
நானே முந்திக்கொண்டு சொன்னேன்:
"ஃபேன்ல ஒண்ணும் இருக்காது.
கெப்போங்ல பழசு வாங்கி நானே மாட்டினது."
சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்திருப்பேன்.
தெர்மோஸ்டாட் பணத்தைத் திருப்பிக் கேட்டு
ரோஸ்லானிடம் கத்தியும் இருக்கிறேன்,
அவன் மகன் சைக்கிளில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது.

புதன்கிழமை. ஜாலான் டூத்தா கோர்ட்டுக்கு இருநூறு மீட்டர் முன்னால்
ஓரங்கட்டி, எஞ்சினை அணைக்காமல் பானெட்டைத் தூக்கினேன்.
எனக்கு அங்கே மொழிபெயர்ப்பு வேலை,
வெள்ளைச் சட்டை, கறுப்பு டை.
ஃபேன் இரைந்துகொண்டு கிளம்பியது.
வண்டிக்கு முன்னால் குனிந்தேன்.
டை எழும்பி
என் முகத்தில் அடித்தது.

கையால் அமுக்கினேன். மறுபடியும் அடித்தது.
காற்று சூடாக, கூலண்ட் வாடையோடு
உள்ளேயிருந்து என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது.
பார்க்கிங் ரசீதை கிரில்லில் வைத்தேன்.
ஒட்டியிருக்க வேண்டும்.
பறந்துபோய்க் கால்வாயில் விழுந்தது.

ஓடும்போது எதிர்க்காற்று அதை ஜெயித்துவிடும்.
நின்றதும் எஞ்சின் தன் அனலைத்
தானே ரேடியேட்டர் வழியாக வெளியே ஊதி,
முன்னால் வரும் குளிர்ந்த காற்றை
வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது
நான்கு மாதமாக.

இரண்டு வயர். நீலம், கறுப்பு.
சுற்றியிருந்த டேப்பை எனக்குத் தெரியும்,
எங்கள் வீட்டு அலமாரியில் மிச்சம் இருக்கிறது.
எஞ்சினை அணைத்து, பேட்டரி முனையைக் கழற்றி,
நீலத்தைக் கறுப்போடு, கறுப்பை நீலத்தோடு.
பேனாக்கத்தி, ஏழு நிமிஷம்.
திரும்பக் கிளப்பியபோது
டை கிரில்லில் போய் ஒட்டிக்கொண்டது.

அன்று காலை ஒரு வழக்கு, உடைந்த கடைக்கண்ணாடி.
கூண்டிலிருந்தவர் சொன்னார், "உடஞ்சிருச்சுங்க ஐயா."
உடைத்தேன் என்று யாரும் சொல்வதில்லை.
விழுந்துரும், பட்டுரும், தானாக உடஞ்சிரும்.
மலாயில் அதற்கு வசதியாக ஒரு 'தெர்' இருக்கிறது, முன்னால் ஒட்டிக்கொள்ள.
தெர்பெச்சா, என்றேன் நீதிபதியிடம்.
கூட்டாமல் குறைக்காமல் சொல்வதாகச் சத்தியம் செய்தவன்.

மாலை செகாம்புட்டில் அதே லாரி, அல்லது அதன் தம்பி.
முள் பாதியில் நின்றது.
ஃபேன் வந்தது, போனது, வந்தது.
இந்த ஜாம் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று
முதல் தடவையாக நினைத்தேன்.

இரவு தவமலர் தட்டு வைத்தபடி கேட்டாள்,
"என்னதாங்க கோளாறு?"
"வயரு," என்றேன். "மாறிடுச்சு."

அவள் ரசம் ஊற்றினாள்.
ரோஸ்லான் கடை ஒன்பது மணி வரைக்கும் திறந்திருக்கும்.
மணி எட்டரை.