கைப்பிடிச் சீட்டுகள்

மே மாதம் முடியப்போகிறது.
சவுனாக் கொட்டகையின் வடக்குச் சுவரோரம்
இன்னும் ஒரு முழம் பனி.
மிச்சிகனின் இந்த வடமுனையில்
உருளைக்கிழங்கு நடக் கிடைப்பது இரண்டே வாரம்.
மண்ணைக் கிளற ஒரு டில்லர்.
அதற்குச் சொந்தக்காரர்கள் இரண்டு பேர்.

நானும் வெய்க்கோவும்
ஆளுக்குப் பாதி போட்டு வாங்கியது.
அன்றைக்குப் பேசிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் ஒரு ஜனவரியில்
தன் வாசல் பனியைத் தள்ளித் தள்ளி
என் கிணற்று மூடிமேல் மலையாக்கினான்.
நான் ஒரு வார்த்தை சொன்னேன்.
அவன் இரண்டு சொன்னான்.
பதினோரு வருஷம் ஆயிற்று.

பாதி டில்லரை யாரிடம் விற்பது?
சக்கரம் உனக்கு, பல் எனக்கு என்று
அறுத்துக்கொள்ளவா முடியும்?
ஆகவே அது மட்டும்
வேலியின் உடைந்த இடம் வழியாகப்
போவதும் வருவதுமாக இருந்தது,
கைப்பிடியில் ஒட்டிய ஒரு சீட்டோடு.

"கியர் எண்ணெய் மாற்றியாச்சு. வெ."
"காற்று வடிகட்டி கழுவியாச்சு. பெல்ட் தொய்வு. லெ."
"பெல்ட் புதுசு. பதினெட்டு டாலர். உன் பங்கு ஒன்பது."
ஒன்பது டாலரை டப்பாவில் போட்டு
வேலிக்கம்பத்தில் மாட்டினேன்.
சில்லறையாக.

இந்த வருஷம் முதல் முறை என்னுடையது.
மூன்றாவது சால்.
செம்புச் சுரங்கத்துக்காரர்கள் விட்டுப்போன கல் ஒன்று
மண்ணுக்குள் முழங்கையை நீட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது.
டக்.
கைப்பிடி என் விலாவில் இடித்தது.
கியர்பெட்டியில் விரல் நுழையும் வெடிப்பு.
ஒழுகியது எண்ணெயா அது?
இரும்புத்தூள் மினுங்கும் கறுப்புக் கஞ்சி.

கவிழ்த்துப் போட்டுப் பார்த்தேன்.
அச்சில் சுற்றிக் கிடந்தன
வைக்கோல் கட்டும் கயிறு, தூண்டில் நரம்பு,
தக்காளிச் செடிக்கு அவன் கட்டிய
பச்சைக் காலுறை ஒன்று.
பற்கள் பாதிக்குமேல் தேய்ந்து
கரண்டிக் காம்பு மாதிரி.

"உடைந்துவிட்டது. என் முறையில். கல்."
சீட்டில் இன்னும் இடம் இருந்தது.
எழுதவில்லை.

மறுநாள் கம்பத்தில் டப்பா.
உள்ளே புது டில்லருக்கு அவன் பாதி,
ரப்பர் வளையம் போட்டு.
கூடவே:
"கல்லின் மேல் பழி வேண்டாம்.
மூன்று வருஷமாக
எண்ணெய் மாற்றியாச்சு என்று எழுதினேன்.
மாற்றவில்லை. முதுகு."

முதுகு. அவ்வளவுதான் விளக்கம்.

வேலியோரம் கொஞ்ச நேரம் நின்றேன்.
காற்று வடிகட்டியை
நான் ஒரு தடவைகூடக் கழுவியதில்லை.
அது எங்கே இருக்கிறது என்பதே
நேற்றுக் கவிழ்த்தபோதுதான் தெரிந்தது.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
இங்கே பல் போன பிறகு
அவன் கதவைத் தட்டி
"வடிகட்டியும் பொய்" என்றேன்.
ஒரு காலில் பச்சைக் காலுறை, ஒரு காலில் சாம்பல்.
"தெரியும்," என்றான்.
"அதில் எலி கூடு கட்டியிருந்தது.
இரண்டு தடவை."

அவன் வண்டியில் கடைக்கு இருபது மைல்.
ஏரி வலது பக்கம் வந்தது,
இடது பக்கம் போனது.
உத்தரவாதச் சீட்டில் ஒரு பெயருக்குத்தான் இடம் என்றாள் கடைக்காரி.
"லெம்பி என்று போடு," என்றான்.
"எனக்கு முதுகு."

பழையதைப் பிரித்தோம்.
சக்கரம் இரண்டு, கார்புரேட்டர், தேறிய போல்ட்டுகள்
மீன் டப்பாவுக்குள் போயின.
புதியதன் கையேடு சொல்கிறது:
முதல் ஐந்து மணி நேரம் ஓடியதும்
எண்ணெயை மாற்று.

ஐந்து மணி நேரம் முடிந்த மாலை,
கொசுக்கள் நடுவே,
நான் குனிந்து திருகைக் கழற்ற
அவன் விளக்குப் பிடித்தான்.
தேன் நிறத்தில் இறங்கியது.
இரண்டு பேரும் எட்டிப் பார்த்தோம்,
பின்னால் யாரும் மறுக்க முடியாதபடி.

பனியைப் பற்றி அவன் எடுக்கவில்லை.
நானும் எடுக்கவில்லை.
ஜனவரிக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.