பாக்கி இருபது நிமிஷம்

பிரிக்பீல்ட்சில் மோனோரயில் போகும்போது
என் கட்டில் கொஞ்சம் சிலிர்க்கும்.
அந்த நேரத்தில் நான் அழுத்துவதில்லை.

மிஸ்டர் யாப்புக்கு வலது தோள்.
கையைத் தூக்கிச் சட்டை மாட்ட முடியாது,
மாஜோங் மட்டும் ஆட முடியும் என்பார் மனைவி.
புவான் ரொஹாயாவின் முழங்கால்கள்
படியேறும்போது நொறுங்கும் அப்பளம்.
முகம் எதுவும் எனக்குத் தெரியாது.
மூட்டைத் தொட்டால் பெயர் வந்துவிடும்.

திருநாவு லோரிக்காரர்.
பதினெட்டு வருஷம்
கிள்ளான் துறைமுகத்துக்கும் ஈப்போவுக்கும்
ஒரே இருக்கையில் போய்வந்த முதுகு.
"நல்லா அமுக்குங்க பிலோமினா,
வலிச்சாத்தான் காசுக்கு மரியாதை."

முடிச்சு என்றால் விரலோடு பேரம் பேசும்.
முதலில் முறைக்கும்,
ஒத்தடம் கொடுத்த பிறகு
விலையைக் குறைத்துக்கொள்ளும்.
இடுப்புக்கு மேல், முதுகெலும்புக்கு இடப்பக்கம்,
அன்று நான் தொட்ட இடம்
பேசவே இல்லை.
கட்டைவிரலை எடுத்துவிட்டுப்
புறங்கையை வைத்துப் பார்த்தேன்.
தசைக்கு இத்தனை பிடிவாதம் கிடையாது.

பத்து நிமிஷம்தான் ஆகியிருந்தது.
"எழுந்துக்குங்க. இது என் வேலை இல்ல.
பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுங்க."
"கண்ணு தெரியாத நீங்க
அப்படி என்னத்தப் பாத்துட்டீங்க?"
பதில் இருந்தது, விரலில்.
ஐம்பது வெள்ளித் தாளை நீளம் தடவிப் பார்த்து
அவர் கையிலேயே திருப்பி வைத்தேன்.
கதவு சாத்திய வேகத்தில்
நாட்காட்டி விழுந்தது.

"வாடிக்கையை இப்படியா விரட்டுறது?" என்றார்
பக்கத்துக் கட்டில் அமிர்தலிங்கம்.
நான் சொன்னது தப்பாக இருக்கட்டும் என்று
நாலு மாதம் நினைத்துக்கொண்டேன்,
தைலப் புட்டியை மூடும்போதெல்லாம்.
வேண்டுதல் என்று சொல்ல முடியாது.
ஓர் அரிப்பு.

தீபாவளிக்கு முந்தின மழையில்
ஒரு செருப்புச் சத்தம்,
பிறகு இழுபட்டு வந்த இன்னொன்று.
குரல் பாதியாக இளைத்திருந்தது.
"அன்னிக்குப் பாக்கி இருபது நிமிஷம்."

குப்புறப் படுக்கவே நேரம் பிடித்தது அவருக்கு.
வயிற்றுக்கு ஒரு தலையணை கொடுத்தேன்.
துண்டை விலக்கினால்
ஒரு சாண் நீளத்துக்குத் தையல் தழும்பு,
நேற்றுத்தான் தார் போட்டதுபோல் வழவழவென்று.
"அமுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டார் டாக்டர்."
"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"
"தெரியல," என்றார் மெத்தைக்குள்.

எண்ணெயைத் தொடவில்லை.
கைகளை உரசிச் சூடாக்கி
மேலே வைத்தேன், அவ்வளவுதான்.
ஏழாவது நிமிஷம் குறட்டை.
இருபதாவதில் மணி அடிக்க வாயெடுத்தது.
இன்னொரு கையால்
அதைப் பொத்திக்கொண்டேன்.